516 சதுர அடியா, 140 சதுர அடியா? புதுச்சேரி ஏ.சி. அறைக்கு ஏர் ப்யூரிஃபையர் வாங்குமுன் ஒரு கணக்கு

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ ஏர் ப்யூரிஃபையர் கேட்டுப் போனால், கடைக்காரர் முதலில் சொல்வது சதுர அடிதான். "இது ஐந்நூறு சதுர அடிக்குத் தாங்கும் சார்." பெட்டியிலும் அந்த எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும். அது பொய் இல்லை. ஆனால் அது வீட்டுத் தூசுக்கும் புகைக்கும் போட்ட கணக்கு. இங்கே டியூஷன் சென்டருக்கும் கிளினிக் காத்திருப்பு அறைக்கும் இதை வாங்குகிறவர்களின் தேவை வேறு. ஒருவர் இருமினால் அந்த அறையிலிருக்கும் மற்ற இருபது பேருக்கும் ஒட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான். காய்ச்சல் பரவியதால் 2022 செப்டம்பரிலும் 2023 மார்ச்சிலும் புதுச்சேரியில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு விடுமுறை விட்டார்கள். பள்ளியை மூடினாலும் மாலையில் அதே பிள்ளைகள் ஏ.சி. போட்ட டியூஷன் அறையில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தால் என்ன பயன்?

அந்தத் தேவையை வைத்து நாலு பொருட்களைப் பார்க்கிறோம்: மணிக்கு 300, 400 கன மீட்டர் சுத்தக் காற்று தரும் ரக ஹெபா (நுண்துகளைப் பிடிக்கும் ஃபில்டர்) ப்யூரிஃபையர், எக்ஸாஸ்ட் ஃபேன், நாமே கட்டிக்கொள்ளும் ஃபில்டர் பெட்டி, கார்பன் டை ஆக்சைடு மீட்டர். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏ.சி. இல்லாத அறைக்கு ப்யூரிஃபையர் வேண்டாம். 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனும் எதிர்ச்சுவரில் திறந்த ஜன்னலும் அதைவிட அதிகம் செய்யும். ஏ.சி. அறைக்கு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனும் ஃபில்டரும் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கினால் பாதி வேலைதான் நடக்கும். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவே ஓடுவது குளிர்வாயுக் குழாய் மட்டும்தான். அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப விடுகிறது. அதில் இருக்கும் வலை ஃபில்டர் பஞ்சையும் முடியையும் பிடிக்கும். இருமல், பேச்சு, மூச்சிலிருந்து வரும் மைக்ரான் அளவுத் துகள் அதற்குள் தாராளமாகப் புகுந்து போகும். 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில் அடுத்தடுத்த மூன்று மேஜைகளில் சாப்பிட்ட 10 பேருக்குக் கொரோனா வந்தது. பின்னால் அதை அளந்து பார்த்தபோது எக்ஸாஸ்ட் ஃபேன்கள் நிறுத்தப்பட்டு, ஏ.சி. மட்டும் அதே காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆளுக்குக் கிடைத்த வெளிக்காற்று நொடிக்குச் சுமார் 1 லிட்டர்தான். கதவைச் சாத்திய நம் டியூஷன் அறையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இனி கணக்கு. ப்யூரிஃபையர் பெட்டியில் பார்க்க வேண்டியது சதுர அடி அல்ல, சி.ஏ.டி.ஆர். என்ற எண். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்றைத் தருகிறது என்பது அது. ஷாவ்மி ஸ்மார்ட் ஏர் ப்யூரிஃபையர் 4 என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள்: சி.ஏ.டி.ஆர். 400, பெட்டி சொல்லும் பரப்பு 516 சதுர அடி. 10 அடி உயர அறை என்றால் 516 சதுர அடி என்பது 146 கன மீட்டர். 400ஐ 146ஆல் வகுத்தால் மணிக்கு 2.7 முறைதான் அறைக்காற்று சுத்தமாகும். தொற்றுத் தடுப்புக்கு அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2023 மே மாதம் சொன்ன குறைந்தபட்ச இலக்கு மணிக்கு 5 முறை. நம் ஊர் நெரிசலுக்கு 6 என்று வைத்துக்கொள்வது நல்லது. 6 முறைக்கு இந்தக் கருவி தாங்குவது 235 சதுர அடி.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கு வழி: சி.ஏ.டி.ஆர். எண்ணை 0.6ஆல் பெருக்குங்கள். 10 அடி உயரக் கூரைக்கு எத்தனை சதுர அடி என்று வந்துவிடும். கோவே ஏர்மெகா 150க்கு 303 என்றால் 180 சதுர அடி. வெள்ளை நகரத்துப் பழைய வீட்டில் 14 அடிக் கூரையின் கீழ் கிளினிக் நடத்துகிறவர்கள் 0.6க்குப் பதில் 0.42 போட வேண்டும்.

இதோடு முடியவில்லை. சி.ஏ.டி.ஆர். அளப்பது உச்ச வேகத்தில். அந்த வேகத்தில் இந்த ரகக் கருவிகள் சில 60 டெசிபலைத் தாண்டிக் கத்தும். கணக்கு வாத்தியார் பத்து நிமிடம் பொறுப்பார். பதினோராவது நிமிடம் எழுந்துபோய் வேகத்தைக் குறைத்துவிடுவார். நடு வேகத்தில் 55 முதல் 60 சதவீதம்தான் மிஞ்சும். 400 என்பது 240 ஆகிவிடும், 235 சதுர அடி 140 ஆகிவிடும். தலைப்பில் இருக்கும் இரண்டு எண்களும் ஒரே கருவியுடையவைதான். பெரிய கருவி ஒன்றை உச்சத்தில் ஓட்டுவதைவிட, நடுத்தரக் கருவி இரண்டை நடு வேகத்தில் ஓட்டுவது எப்போதும் மேல். சத்தம் குறையும், அறையின் இரண்டு மூலைக் காற்றும் கலக்கும், ஒன்று ரிப்பேர் ஆனால் இன்னொன்று இருக்கும்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதுபத்திப் புகையை விட்டு, ப்யூரிஃபையரை வைத்து, ஒரு நிமிடத்தில் புகை காணாமல் போவதைக் காட்டுவார்கள். பெட்டியின் கொள்ளளவு கால் கன மீட்டர்கூட இருக்காது. அதில் எந்தக் கருவியும் ஜெயிக்கும். மயங்க வேண்டாம்.

வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்று: கரண்ட் போய் வந்தால் தானாகவே பழைய வேகத்துக்குத் திரும்புமா? தொடு பட்டன் மாடல்கள் பலவும் கரண்ட் வந்ததும் தூங்கிக்கொண்டே இருக்கும். யாரும் கவனிக்காமல் மாலை முழுக்க அணைந்தே கிடக்கும். கடையிலேயே பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பாருங்கள். திருகு சுவிட்ச் இருக்கும் எளிய மாடல் கிடைத்தால் அதுவே நல்லது. மொபைல் ஆப், நிறம் மாறும் விளக்கு எல்லாம் இந்த வேலைக்கு ஒன்றும் சேர்க்காது.

ஆட்டோ மோடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் ப்யூரிஃபையர் வீணாவதற்கு முதல் காரணம் அதுதான். கருவியில் இருக்கும் சென்சார் பார்ப்பது பி.எம். 2.5 என்ற தூசுப் புகையை. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. டெல்லியில் காற்று எப்போதும் அழுக்கு என்பதால் ஆட்டோவில் விட்டாலும் கருவி வேகமாகவே ஓடும். கடற்கரைக் காற்றில் தூசு குறைவு. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஃபேன் பெயருக்குச் சுற்றும். அறையில் முப்பது பேர் இருமிக்கொண்டிருந்தாலும் பச்சைதான். இன்னொரு கோளாறு எதிர்த்திசையில் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உப்புத் துகள் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும். சென்சார் அதைப் புகை என்று நினைத்து எண்ணை ஏற்றிக் காட்டும். இரண்டு வழியிலும் அந்த எண் நமக்கு உதவாது. ஆள் உள்ளே வருமுன் கையால் ஒரு வேகத்தில் வைத்துவிட்டு, ஆள் போய் அரை மணி கழித்து நிறுத்துங்கள். காற்றில் மின்னூட்டம் ஏற்றும் அயனைசர் பட்டன் இருந்தால் அணைத்தே வையுங்கள். தொற்றைக் குறைப்பதில் அதன் பங்கு உறுதியாகவில்லை, சில ரகங்கள் ஓசோனையும் கக்கும். 'ஓசோன் சுத்திகரிப்பான்' என்று தனியாக விற்பதை ஆள் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது.

ஃபில்டர் விஷயம். ஹெச் 13 ஹெபா என்றால் பிடிக்கக் கடினமான அளவுத் துகளிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கும். சந்தையில் 'ஹெபா டைப்', 'ஹெபா போன்ற' என்று எழுதியிருப்பவற்றுக்கு எந்த உறுதியும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே சதவீதத்தைவிடக் காற்றளவு முக்கியம். 99.95 சதவீதம் பிடித்து மணிக்கு 150 கன மீட்டர் தரும் கருவியைவிட, 85 சதவீதம் பிடித்து 500 தருவது அறைக்கு நல்லது. மூன்றாம் ஆள் தயாரிப்பு ஃபில்டர் பாதி விலைக்கு வரும். அதை வாங்கினால் ரப்பர் விளிம்பு உடலோடு ஒட்டி உட்காருகிறதா என்று பாருங்கள். விளிம்பில் ஒரு நூலளவு இடைவெளி விட்டாலும் காற்று சுலபமான அந்த வழியிலேயே போகும். துர்நாற்றத்துக்கும் சிப்காட் பக்கத்து ரசாயன வாடைக்கும் என்று உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய கரித் தகடு சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதை நம்பி வாங்க வேண்டாம்.

அறையில் எங்கே வைப்பது? சோபாவுக்குப் பின்னால், திரைச்சீலைக்குள், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே வைத்தால் தான் விட்ட காற்றையே திரும்பக் குடிக்கும். நாலு பக்கமும் ஒன்றரை அடி இடம் விடுங்கள். ஏ.சி. காற்று எறியும் பாதையின் கடைசி முனையில் வைத்தால் அறை முழுக்கக் கலந்து வரும். ஆட்கள் நடுவே அக்ரிலிக் தடுப்புப் பலகை நிறுத்துவது இந்தச் சுற்றைக் கெடுக்கும்.

மின்சாரச் செலவு பயப்படும்படி இல்லை. 30, 40 வாட் கருவி நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் ஓடினால் 8 முதல் 10 யூனிட். உண்மையான செலவு ஃபில்டரில்தான். வருடத்துக்கு ஒன்று, கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் போடும் இடத்தில் இரண்டு.

ப்யூரிஃபையரால் செய்ய முடியாதது ஒன்று உண்டு: கார்பன் டை ஆக்சைடை அது தொடுவதே இல்லை. இருபத்தைந்து பேர் மூச்சுவிட்ட காற்று எவ்வளவு சுத்தமாக வடிகட்டினாலும் புழுங்கிய காற்றுதான். தலை கனக்கும், தூக்கம் வரும். அதற்கு வெளிக்காற்று வேண்டும், அதாவது எக்ஸாஸ்ட் ஃபேன். பணத்துக்குப் பெறுமதி என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். பலரும் இதைக் கழிவறைக்கும் அடுப்படிக்கும் மட்டும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஏ.சி. அறைக்கு எவ்வளவு பெரியது? இங்கேதான் கடலோரம் நம்மைக் கட்டிப்போடுகிறது. வெளியே 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். உள்ளே 26 டிகிரி, 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 300 கன மீட்டர் வெளிக்காற்றை உள்ளே விடுவது ஏறக்குறைய ஒரு டன் ஏ.சி.யை முழுசாகத் தின்றுவிடும். சூடு அதில் சின்னப் பங்கு. காற்றிலிருக்கும் ஈரத்தைத் தண்ணீராக்கிக் கொட்டுவதுதான் பெரிய பாரம். ஒன்றரை டன் ஏ.சி. போட்ட அறையில் 12 அங்குல எக்ஸாஸ்டை ஓட்டினால் ஏ.சி. தோற்கும், சுவர் வியர்க்கும், ஒரே வாரத்தில் யாராவது எக்ஸாஸ்ட் ஓட்டையில் அட்டையை வைத்து அடைத்துவிடுவார்கள். அதனால் 6 அங்குல ஃபேன் போதும். பெட்டியில் மணிக்கு 250 கன மீட்டர் போல எழுதியிருக்கும்; சரியாக மாட்டினால் 200 தேறும். ஏ.சி.க்கு முக்கால் டன்னுக்கும் குறைவான சுமை, சமாளித்துவிடும். மீதிச் சுத்தத்தை ஃபில்டரிடம் விட்டுவிடுங்கள். ஃபில்டர் வழி வரும் காற்று ஏற்கெனவே குளிர்ந்தது, ஏ.சி.க்குச் சுமையே இல்லை. வெயிலூரில் இந்த ஜோடிக்கு மாற்று இல்லை.

மாட்டும்போது நடக்கும் தப்புகள் நாலைந்து இருக்கின்றன. முதல் தப்பு, வெளியே தள்ள ஃபேன் இருக்கிறது, உள்ளே வர வழி இல்லை. கதவின் கீழ் ஒரு சென்டிமீட்டர் சந்து போதாது. ஃபேன் சத்தம் மட்டும் போடும், காற்று நகராது. எதிர்ச்சுவரில் ஒரு சதுர அடி அளவு வலை போட்ட திறப்பு வேண்டும், அல்லது அந்தப் பக்க ஜன்னல் ஒன்றை நாலு விரற்கடை திறந்தே வைக்க வேண்டும். இரண்டாவது, ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறப்பது. காற்று ஜன்னல் வழி வந்து நேரே ஃபேன் வழி போய்விடும். அறைக்குள் யாருக்கும் கிடைக்காது. மூன்றாவது, கிழக்குச் சுவரில் மாட்டுவது. நம் கரையில் உச்சிப்பொழுதுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், ஐப்பசிக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து. சின்ன ஃபேன் அதை எதிர்த்து ஊத முடியாது. கிழக்கே உள்வழி, மேற்கே ஃபேன் என்று வைத்தால் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனி, ஆடியில் காலை நேரம் மேல்காற்று அடிக்கும்போது கொஞ்சம் மந்தமாகும். அந்த ஒன்றிரண்டு மாதத்துக்காக இடம் மாற்ற வேண்டியதில்லை.

நாலாவது உப்பு. வெளிப்பக்க ஷட்டர் தகடுகளின் ஊசி துருப்பிடித்து இறுகிவிடும். ஃபேன் சுற்றும், ஷட்டர் திறக்காது, உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. பிளாஸ்டிக் ஷட்டர், துருப்பிடிக்காத திருகு என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒட்டடையைத் துடையுங்கள். கொசுவலையையும் சேர்த்துத்தான், தூசு அடைந்த வலை காற்றைப் பாதியாக்கிவிடும். டெங்கு உள்ள ஊரில் வலை வேண்டாம் என்று சொல்ல முடியாது, கழுவிக்கொண்டிருப்பதுதான் வழி. வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ தாளை ஃபேன் முன் பிடியுங்கள், தானாக ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு உள்வழித் திறப்பின் அருகில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை அறைக்குள் சாய்ந்தால் சரி. நேராக மேலே எழும்பினால் எங்கோ அடைப்பு.

ஏ.சி. இல்லாத அறை என்றால் இந்தத் தயக்கம் எதுவும் வேண்டாம். 12 அங்குலம், 900 சுற்று ரகம் ஒன்றை மேற்குச் சுவரில் மாட்டிவிட்டுக் கிழக்கு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். தமிழர் வீதிகளில் முற்றம் வைத்த வீடுகளில் டியூஷன் நடத்துகிறவர்கள் பாக்கியசாலிகள். சூடான காற்று முற்றத்து வழி மேலேறும்போது தாழ்வாரம் வழியாகப் புதுக்காற்று தானே வரும், பைசா செலவில்லை. அந்த முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடியிருந்தால், சுற்றிலும் ஒரு அடி இடைவெளி விட்டுத் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

நாமே கட்டும் பெட்டிக்கு கோர்சி-ரோசன்தால் பெட்டி என்று பெயர். 2020இல் அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் கோர்சியும் ஃபில்டர் கம்பெனி நடத்தும் ஜிம் ரோசன்தாலும் சொன்ன யோசனை. மெர்வ் 13 ஃபில்டர் நாலைந்தைச் சுவராக நிறுத்தி, மேலே ஃபேன் வைத்து, ஓரங்களை டேப் ஒட்டி மூடிவிட்டால் அதுவே ப்யூரிஃபையர். மெர்வ் 13 என்றால் 1 முதல் 3 மைக்ரான் துகளில் 85 சதவீதமாவது பிடிக்க வேண்டும். ஹெபா இல்லை, ஆனால் காற்றளவு அபாரம். ஐந்து ஃபில்டர் வைத்த பெட்டியை அங்கே அளந்தபோது மணிக்கு ஆயிரத்திலிருந்து 1,400 கன மீட்டர் வந்தது. கடைக் கருவி மூன்று சேர்ந்தால்தான் அந்த அளவு. நாலு ஃபில்டர் எதற்கு, ஒன்றை ஃபேன் முகத்தில் கட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஒரே ஃபில்டர் வழியே எல்லாக் காற்றையும் இழுத்தால் எதிர்ப்பு ஏறி ஃபேன் திணறும். பரப்பு நாலு மடங்கானால் ஒவ்வொரு ஃபில்டர் வழியும் காற்று மெதுவாக, சுலபமாகப் போகும்.

இங்கே கட்டும்போது ஃபேன்தான் சிக்கல். அவர்கள் பயன்படுத்தும் சதுர பாக்ஸ் ஃபேன் நம் கடைகளில் அரிது. பெடஸ்டல் ஃபேன் தலையைக் கவிழ்த்து வைக்காதீர்கள். திறந்தவெளியில் காற்று எறியத்தான் அது, எதிர்ப்பு வந்தால் விளிம்பு வழியே காற்று பின்னால் கசியும். அதே 12 அங்குல, 900 சுற்று எக்ஸாஸ்ட் ஃபேனை 24 அங்குலச் சதுர பிளைவுட்டில் வட்டமாக வெட்டி மாட்டுங்கள், ஊதும் பக்கம் மேலே இருக்கட்டும். ஃபில்டர் 24-க்கு 24, தடிமன் 2 அங்குலம், ஹெச்.வி.ஏ.சி. (ஏ.சி., காற்றோட்டம்) சாமான் விற்பவர்களிடம் 610 மில்லிமீட்டர் சைஸ் என்று கேட்டால் தெரியும். மருந்துக் கம்பெனிகளுக்கு ஃபில்டர் கொடுப்பவர்களிடமும் கிடைக்கும். மெர்வ் 13 என்று சொல்லிப் புரியாவிட்டால் எஃப் 7 என்று கேளுங்கள், கிட்டத்தட்ட அதே தரம். ஃபில்டர் ஓரத்து அம்புக்குறி பெட்டியின் உட்பக்கம் பார்க்க வேண்டும். நாலு சுவர், கீழே பிளைவுட் அடித்தளம், மேலே ஃபேன் பலகை. அட்டைப் பெட்டியை அடித்தளமாக வைத்தால் கார்த்திகை மழையில் நமுத்து உட்கார்ந்துவிடும். துணி டேப்பும் உப்பு ஈரத்தில் ஒரே மாதத்தில் உரியும். ஏ.சி. மெக்கானிக்குகள் குழாய்க்குச் சுற்றும் அலுமினிய டேப்பைத்தான் ஒட்ட வேண்டும், மூலைகளில் இரட்டையாக. ஃபேனுக்கு மேல் விரல் போகாத கம்பி வலை கட்டாயம், பிள்ளைகள் இருக்கும் இடம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் 1,000 என்று இருந்தால் ஃபில்டர் எதிர்ப்பில் பாதி போனதாகவே கணக்கில் எடுங்கள்: 500. அதுவும் கடைக் கருவி இரண்டு நடு வேகத்தில் தருவதற்குச் சமம். குறை என்ன? சத்தம், இடம், அழகின்மை. கிளினிக்கில் நோயாளிகள் "இது என்ன ஏர்கூலரா?" என்று கேட்பார்கள். டியூஷன் சென்டரில் யாரும் கேட்கமாட்டார்கள். இந்த ஃபில்டர் நார்களில் இருக்கும் மின்னூட்டம்தான் பாதி வேலையைச் செய்கிறது. தண்ணீரில் அலசினாலோ ஸ்பிரிட் அடித்தாலோ அது போய்விடும். அழுக்கானால் மாற்றுவதுதான்.

மீட்டர். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு அறையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது, அடுத்தவர் மூச்சை நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்பதற்கு நல்ல அடையாளம். வெளியே சுமார் 420 பி.பி.எம். இருக்கும். 20-க்கு 15 அடி அறை, 25 பிள்ளைகள், ஏ.சி. ஓடுகிறது, எல்லாம் சாத்தியிருக்கிறது என்றால் ஒரு மணி நேரத்தில் 4,000ஐத் தாண்டும். 800க்குக் கீழ் என்றால் நன்று, 1,500க்கு மேல் என்றால் கதவைத் திறங்கள். இணையத்தில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு வண்ணத்திரையோடு வரும் மீட்டர்களில் பல கார்பன் டை ஆக்சைடையே அளப்பதில்லை. வேறு வாயுவை மோப்பம் பிடித்து எண்ணைக் கற்பனை செய்கின்றன. சானிடைசரைக் கையில் தடவி அருகில் காட்டுங்கள். எண் குபீரென்று ஏறினால் போலி. என்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும்) சென்சார் என்று எழுதியிருக்க வேண்டும். சென்சிரியன் கம்பெனியின் எஸ்.சி.டி. 40, 41 சென்சார் வைத்தவையும், விலை கூடுதலானாலும் அரானெட் 4 மீட்டரும் நம்பத்தக்கவை. வாரம் ஒருமுறை திறந்தவெளியில் அரை மணி வைத்து, 420, 450க்கு வருகிறதா பாருங்கள். தானாகத் திருத்திக்கொள்ளும் மீட்டர் எப்போதும் மூடிய அறையிலேயே இருந்தால், அந்தப் புழுக்கத்தையே வெளிக்காற்று என்று நினைத்துக் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும்.

ஒரு மீட்டரை நாலைந்து பேர் பங்கு போட்டு வாங்கலாம், தினமும் தேவைப்படாது. அதன் சிறந்த உபயோகம் எக்ஸாஸ்டைச் சோதிப்பது. வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே போனதும் எண் 2,020 என்று இருக்கட்டும். அது 1,020க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஆனால் அறைக்காற்று மணிக்கு ஒரு முறை மாறுகிறது, அரை மணி என்றால் இரண்டு, பத்து நிமிடம் என்றால் ஆறு. ப்யூரிஃபையர் செய்யும் வேலை இந்த எண்ணில் தெரியாது. அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த 300 சதுர அடி அறைக்கே வருவோம். 85 கன மீட்டர். 400 ரகம் இரண்டு நடு வேகத்தில் 480, சின்ன எக்ஸாஸ்ட் 200, ஆக 680. மணிக்கு 8 முறை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆளுக்குப் பிரித்தால் 25 பேருக்கு நொடிக்கு ஏழரை லிட்டர்தான். உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு 10 லிட்டர் காற்றோட்டம் கேட்கிறது. அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு 2023இல் கொண்டுவந்த 241ஆம் எண் தரம், தொற்று பரவும் காலத்தில் வகுப்பறைக்கு ஆளுக்கு 20 லிட்டர் சுத்தக் காற்று வேண்டும் என்கிறது. மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்கு 45. சதுர அடியை மட்டும் பார்க்கிற யாரும் இந்த இடத்தில் ஏமாந்துபோவார்கள். அமெரிக்க வகுப்பறையும் நம் டியூஷன் அறையும் ஒரே பரப்பில் ஒரே ஆள் கணக்கு இல்லை. ஒரு பேட்சில் 15 பேருக்கு மேல் இல்லாமல் 25 பேரை இரண்டாகப் பிரித்தால் அதே கருவிகளில் ஆளுக்குப் பன்னிரண்டரை லிட்டர் வரும். கார்பன் டை ஆக்சைடும் 2,100 போவதற்குப் பதில் 1,400ஐ ஒட்டி நிற்கும். பேட்சுக்கு நடுவே பத்து நிமிடம் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். இதற்குமேல் கருவி வாங்குவதைவிட இதில்தான் பயன் அதிகம்.

கிளினிக்குக்கு ஒரே ஒரு மாற்றம். புதுக்காற்று வரும் பக்கம் மருத்துவர், எக்ஸாஸ்ட் இருக்கும் பக்கம் நோயாளி. பல இடங்களில் இது தலைகீழாக இருக்கிறது: மருத்துவர் முதுகுக்குப் பின்னால் எக்ஸாஸ்ட், நோயாளி இருமுவது நேரே அவர் முகம் வழியாக வெளியேறுகிறது. மேஜையைத் திருப்பிப் போட்டால் போதும். காசநோய், தட்டம்மை சந்தேகம் உள்ளவரை உள்ளே நெருக்கி உட்கார வைக்காமல் திண்ணையிலோ வாசல் பந்தலிலோ அமர்த்துங்கள். மேஜைக்கு மேஜை முகத்துக்கு நேராக இருமுவதை எந்தக் கருவியும் தடுக்காது, அதற்கு மாஸ்க்தான். நோயாளி போனபின் அறையைக் காலியாக விடுவதற்கும் கணக்கு உண்டு: மணிக்கு 6 முறை மாறும் அறையில் மிதக்கும் துகளில் 99 சதவீதம் போக 46 நிமிடம், 12 முறை என்றால் 23.

பராமரிப்பு சின்ன வேலைதான், மறந்துவிடுவதுதான் பிரச்சினை. வெளிவலையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள். மழைக்காலத்தில் கருவியை வாரக்கணக்கில் அணைத்து வைத்தால் ஃபில்டரில் பூஞ்சை வாடை பிடிக்கும். விடுமுறை என்றால் கழற்றிப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். போகிப் புகை, தீபாவளிப் புகை இரண்டுக்கும் கருவியை உச்சத்தில் ஓட்டினால் மறுவாரம் ஃபில்டர் நிறத்தைப் பாருங்கள், சாம்பல் ஏறியிருக்கும், அது பரவாயில்லை. காற்று குறைந்தால்தான் மாற்ற வேண்டும். மாற்றும்போது முகமூடி போட்டுக்கொண்டு, அறைக்கு வெளியே வைத்து, ஃபில்டரைத் தட்டி உதறாமல் அப்படியே பைக்குள் இறக்கிக் கட்டிவிடுங்கள். புது ஃபில்டர் மேல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே மாட்டி மாதக்கணக்கில் ஓட்டும் இடங்களும் உண்டு, அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாட்டிய தேதியை மார்க்கரால் ஃபில்டர் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். கருவி காட்டும் சதவீதத்தை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் ஓடிய மணி நேரத்தைத்தான் எண்ணுகிறது.